கடைவாய்ப் பல் இல்லாதவர்கள்

சேந்தமங்கலத்தில் ஒருவர் செவ்வாய்க்குப் போகிறவரா, உள்ளூரிலேயே கிடக்கப் போகிறவரா என்று தெரிந்துகொள்ள ஜாதகம் பார்க்க வேண்டாம். வாயைத் திறக்கச் சொன்னால் போதும். போகிறவருக்குக் கடைவாய்ப் பற்கள் எட்டும் இருக்காது.

பாவாயி தன் முப்பத்துநான்காவது வயதில், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அந்த எட்டையும் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வாய் நிறையப் பஞ்சு. செருப்பைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள், மூலையில் இருந்த தராசில் ஏறி நின்றாள். "நாற்பத்தேழு கிலோ தொள்ளாயிரத்து எண்பத்துநான்கு கிராம். வாழ்த்துகள்" என்றது தராசு. எடை குறைந்தால் "வாழ்த்துகள்", கூடினால் "வருந்துகிறோம்". அந்த ஊரில் தராசுகளை அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

"போச்சா எட்டும்?" என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான் அவள் கணவன் அர்த்தனாரி. பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே மெஸ் நடத்துகிறவன்.

பாவாயி தலையை ஆட்டினாள்.

"வலிக்குதா?"

அதற்கும் ஆட்டினாள்.

"இன்னிக்கு உனக்கு ரசஞ்சோறுதான். நல்லாக் கரைச்சுத் தர்றேன்" என்றான். அவனுக்குச் சொல்ல வேறு ஏதோ இருந்தது. சொல்லாமல் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டான்.

செவ்வாய்க்குப் போகும் விண்கலங்களில் ஆளுக்கு இவ்வளவு என்று டிக்கெட் கிடையாது. எடைக்கட்டணம்தான். ஒரு கிராமுக்கு அரைமணி நேரக் கூலி. அதாவது, குழாய் வேலை செய்யும் பாவாயி சேந்தமங்கலத்தில் அரைமணி நேரம் உழைத்தால் அவள் உடம்பில் ஒரு கிராம் செவ்வாய்க்குப் போகலாம். மீதி உடம்பு காத்திருக்க வேண்டும். முழு உடம்பும் போய்ச்சேர இருபத்துநான்காயிரம் மணி நேரம் ஆகும். சோறு, வாடகை போக மிச்சம் பிடித்துப் பன்னிரண்டு வருடமாக அவள் தன்னைத்தானே கிராம் கிராமாக வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் கடைசிக் கிராமுக்கும் காசு சேர்ந்திருந்தது.

கடன் வாங்கிக்கொண்டு போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். யார் கொடுப்பார்கள்? வசூலுக்குச் செவ்வாய் வரை போக வேண்டுமென்றால் வட்டிக்காரருக்கும் எடைக்கட்டணம் உண்டு. அந்த ஊர் வட்டிக்காரர் தொண்ணூறு கிலோ.

ஆனால் போய்ச்சேர்ந்துவிட்டால் ராஜ வாழ்க்கைதான். செவ்வாயில் குழாய் ஒழுகினால் தண்ணீர் மட்டும் ஒழுகாது, மூச்சுக்காற்றும் ஒழுகும். அதனால் அங்கே ஒரு மணி நேர வேலைக்கு இங்கே முப்பது மணி நேரத்துக் கூலி. பதினான்கு வருடத்துக்கு முன்னால் போன தீர்த்தகிரி ஒவ்வொரு பொங்கலுக்கும் அங்கிருந்து காணொளிக் கடிதம் அனுப்புவார். பஸ் நிலையத் திரையில் அதை ஊரே நின்று பார்க்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் தக்காளிச் செடிக்குப் பக்கத்தில் நின்று அவர் சிரிப்பார். கடைவாயில் பல் இருக்காது.

பல் பிடுங்கும் வழக்கமே அவரிடமிருந்து வந்ததுதான். எட்டுப் பல்லின் எடை பதினாறு கிராம். எட்டு மணி நேரக் கூலி மிச்சம். பிடுங்குவதற்குப் பல் வைத்தியர் குழந்தைவேலு வாங்குவது ஆறு மணி நேரக் கூலி. பிறகு நான்கு நாள் வலியில் வேலைக்குப் போக முடியாது. இதை யாரும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில்லை. தீர்த்தகிரி பிடுங்கிக்கொண்டு போனார், முப்பது மடங்கு கூலி வாங்குகிறார். வேறென்ன ஆதாரம் வேண்டும்?

விண்கலம் கிளம்பும் நாட்களில் ஊர் மொட்டைமாடிகளில் ஏறும். கீழ்வானத்தில் கொல்லிமலை சுவர் எழுப்பியதுபோல நிற்கும். கலம் மலைக்கு மேலே வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். "சனியன், இந்த மலை மட்டும் இல்லாட்டி மொதல்லருந்து பாக்கலாம்" என்று ஆளாளுக்கு மலையைத் திட்டுவார்கள். பாவாயியும் பன்னிரண்டு வருடமாகத் திட்டியிருக்கிறாள்.

பல் பிடுங்கிய அதே திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிச் செய்தியில், இனிமேல் செவ்வாய்க்கு இலவசமாகப் போகலாம் என்றார்கள்.

அதற்கு அலைப்பெயர்ச்சி என்று பெயர். மனம் என்பது மூளைக்குள் ஓடும் மின்னோட்டங்களின் கோலம். அந்தக் கோலத்தைப் படியெடுத்து ஒளியலையில் ஏற்றி அனுப்பினால், பன்னிரண்டு நிமிடத்தில் செவ்வாயில் வரிசையாக நிற்கும் இயந்திர உடல்களில் ஒன்றுக்குள் அது இறங்கிக்கொள்ளும். அந்த உடல்களுக்கு ஏற்புடல் என்று பெயர் வைத்திருந்தார்கள். சொந்த உடம்பு இங்கேயே காப்பறையில் தூங்கும். வேலை முடிந்ததும் மனம் திரும்பி வந்து அதை எழுப்பிக்கொள்ளும். "அலைக்கு எடை கிடையாது. ஆகவே எடைக்கட்டணமும் கிடையாது" என்று செய்தி வாசித்தவர் சிரித்தார்.

"ம்ம்ம்!" என்றாள் பாவாயி.

"என்ன புள்ள?"

"ம்ம்ம்ம்!" வாயிலிருந்த பஞ்சை இழுத்துத் தூர எறிந்தாள். "பல்லு! மாமா, எம் பல்லு!"

மூன்று வாரத்தில் பழைய பஸ் நிலையத்தின் பாதியை இடித்து அலைக்கூடம் கட்டினார்கள். பாவாயி முதல் வாரமே போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்தாள், கண்ணை மூடினாள், திறந்தாள். ரோஜா நிற வானம். கையைப் பார்த்தால் சாம்பல் நிற உலோகக் கை. மார்பில் ஓர் எண்: ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. முன்னால் அதேபோலச் சாம்பல் நிறத்தில் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினோரு பேர் நின்றார்கள். எல்லோரும் குழாய் வேலைக்காரர்கள்.

வரிசையைச் சரிபார்த்துக்கொண்டு ஒரு மேற்பார்வையாளர் வந்தார். ரத்தமும் சதையுமான மனிதர், ஒல்லிக்குச்சி உடம்பு. பாவாயி பார்த்தவுடன் கண்டுகொண்டாள்.

"தீர்த்தகிரி அண்ணனுங்களா?"

"யாரது?"

"பாவாயிங்ணா. மெஸ் அர்த்தனாரி சம்சாரம்."

"அட, எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி. யாருன்னு கண்டேன்?" அவர் குரலில் பொங்கல் கடிதத்தின் சிரிப்பு இல்லை.

"இங்க கூலி எப்படிங்ணா?"

"போர்டப் பாரு. போன மாசம் ஒரு மணிக்கு முப்பது. நேத்து எட்டு. இன்னிக்குக் காலையில ரெண்டு. நீ வரிசையில முன்னால போய்ச் சேர்றப்ப ஒண்ணு." அவர் பல்லில்லாத வாயை மென்றார். "பத்து வருசம் வயித்தக் கட்டி, பல்லப் பிடுங்கி, ஒம்பது மாசம் கலத்துல அடைஞ்சு கெடந்து வந்தவன் நானு. இப்பப் பாரு, பன்னெண்டே நிமிசத்துல கண்டவனும் வர்றான்."

"நானும் கண்டவளாங்ணா?"

தீர்த்தகிரி அடுத்த எண்ணைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

பாவாயிக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேட்டுத் தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கும், பள்ளத்துத் தொட்டியில் கொஞ்சம் இருக்கும். நடுவில் குழாய் அடைத்திருக்கும் வரைக்கும்தான் அந்த வித்தியாசம். அடைப்பை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். ஆயிரம் வீடுகளில் அவள் செய்த வேலைதான் இது. அந்த முப்பது மடங்கு கூலி செவ்வாயில் விளைந்ததல்ல. போய்ச்சேர முடியாமல் இருந்ததுதான் கூலி. பன்னிரண்டு வருடமாக எந்த அடைப்பைச் சபித்தாளோ, அந்த அடைப்புக்குள்தான் அவள் தேடிய செல்வம் இருந்திருக்கிறது.

அன்று மாலையே திரும்பி வந்துவிட்டாள். மெஸ்ஸின் பின்கட்டில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, தீர்த்தகிரி சொன்னதை அவர் மாதிரியே வாயை மென்று அர்த்தனாரியிடம் சொல்லிக்காட்டி, ஓவென்று அழுதாள்.

"பன்னெண்டு வருசம் மாமா. ஒரு தீவாளிக்குத் துணி எடுத்திருப்பமா? ஒரு கல்யாணங் காட்சிக்குப் போயிருப்பமா? புள்ள பெத்துக்கலாம்னு நெனச்சப்பல்லாம் எட கூடிரும், எட கூடிரும்னு தள்ளிப் போட்டனே! எல்லாம் எதுக்கு? கண்ணாடிப் பொட்டிக்குள்ள பன்னெண்டு நிமிசம் படுத்து எந்திரிக்கவா?"

அர்த்தனாரி பக்கத்தில் உட்கார்ந்தான். எண்பத்தாறு கிலோவுக்கு வெங்காய மூட்டை நசுங்கியது.

"ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"நீ போயி, எனக்குக் கட்டணம் அனுப்பி, நான் வந்து சேர எத்தன வருசம் ஆகும்னு எண்ணி எண்ணிப் பாத்தேன். கலம் ஏறுற அன்னிக்குத் தராசு கெட்டுப் போகணும்னு நைனாமலைப் பெருமாளுக்கு வேண்டிக்கிட்டேன். அவரு கொஞ்சம் பெரிசாவே செஞ்சுபுட்டாரு."

பாவாயி அவனை அடித்தாள். பிறகு அவன் தோளிலேயே சாய்ந்து மீதியை அழுது முடித்தாள்.

ஒரு வருடம் ஓடியது. கூலி எல்லா இடத்திலும் ஒன்றாகிவிட்ட பிறகும் ஊர் அலைக்கூடத்துக்கு ஓடுவதை நிறுத்தவில்லை. சேந்தமங்கலத்தில் வாங்கும் அதே கூலிக்குச் செவ்வாயில் வேலை பார்த்தால், செவ்வாயில் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? பெண் கேட்டுப் போகிற இடத்தில் அதற்கு ஒரு மதிப்பு. ஊரின் முப்பத்தொரு குழாய் வேலைக்காரர்களில் முப்பது பேரின் உடம்பு பகல் முழுவதும் காப்பறையில் தூங்கியது. உடம்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்துகொண்டு போவது அநாகரிகமாகிவிட்டது. பஸ்ஸெல்லாம் நின்றுபோயிற்று. கடைசி பஸ் அலைக்கூடத்தின் பின்புறம் துருப்பிடித்துக் கிடந்தது. அதற்குள் கோழி அடைகாத்தது.

ஒரு நாள் காலையில் மெஸ்ஸுக்கு ஓர் அம்மாள் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வரைக்கும் செம்மண். உட்கார்ந்து பன்னிரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"இந்த ஊர்ல கொழாய் வேலை தெரிஞ்சவங்க யாராச்சும் உடம்போட இருக்காங்களா?"

அர்த்தனாரி சிரித்தான். "எஞ் சம்சாரம் இருக்காங்க. நீங்க எங்கிருந்துங்க வர்றீங்க?"

"மேலருந்து" என்று கொல்லிமலையைக் காட்டினாள். அவள் பெயர் வெள்ளையம்மா, மலை ஊராட்சித் தலைவி.

"நடந்துங்களா?"

"பின்ன, அலையிலயா வருவாங்க? எங்க மலையில அந்தக் கருமாந்தரம் இல்லியே. பஸ்ஸும் நின்னுபோச்சு. ரெண்டு நாள் நடை." அவள் பாவாயியின் பக்கம் திரும்பினாள். "எட்டு மாசமா ஊத்துக்கொழாய் நாலு எடத்துல ஒடஞ்சு கெடக்குது தாயி. கொடந் தூக்கித் தூக்கிப் பொம்பளைங்களுக்கு இடுப்பே போச்சு. கூப்புட்டா ஒருத்தனும் வரலை. செவ்வாய்க்கு வான்னா வர்றானாம், எழுபது வளைவு ஏற மாட்டானாம். எங்ககிட்டக் காசு இருக்குது. மிளகும் காப்பியும் ஆளில்லாப் பறப்பியில எறங்குது, காசு ஏறுது, ஆளுதான் ஏற மாட்டேங்குது. பறப்பி பத்துக் கிலோவுக்கு மேல தூக்காதே! நீ வா. ஒரு மணி வேலைக்கு இருபத்தஞ்சு மணிக் கூலி தர்றோம்."

பாவாயி வாசலுக்கு வந்து மலையை நிமிர்ந்து பார்த்தாள். பன்னிரண்டு வருடமும் அது மறைக்கிறது என்று மட்டும்தான் பார்த்திருந்தாள். அங்கே தண்ணீர் இருக்கும், குழாய் இருக்கும், குழாய் உடையும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கமே புள்ள!" என்று தலையில் அடித்துக்கொண்டான் அர்த்தனாரி.

"வெண்ணெய் நேத்து வரைக்கும் இல்ல மாமா" என்றாள் பாவாயி. "ஊரெல்லாம் அடைப்ப எடுத்துட்டானுங்க. மிச்சம் இருக்குற ஒரே அடைப்பு இந்த மலைதான்."

மறுநாளே கிளம்பினார்கள். இந்தப் பயணத்துக்கு எடைக்கட்டணம் கிடையாது என்பதால் எண்பத்தாறு கிலோவும் கூடவே போயிற்று. எடை குறைக்கப் பன்னிரண்டு வருடம் நடந்து பழகிய பாவாயி ஆடு மாதிரி ஏறினாள். அர்த்தனாரி ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து, இதற்குச் செவ்வாயே பக்கம் என்று புலம்பினான். தலைமேல் பித்தளைப் பாத்திரங்கள், அதற்கு மேலே தராசு. மலையில் மெஸ் வைத்தால் அரிசி நிறுக்க வேண்டாமா?

பாவாயி இருபது நாளில் ஊற்றுக்குழாயைச் சரிசெய்தாள். வெள்ளையம்மாவின் ஊரான செம்மேட்டில் குழாயடியில் தண்ணீர் கொட்டிய அன்று பெண்கள் குலவை போட்டார்கள். வெள்ளையம்மா பலாப்பழம் அறுத்து வறுத்த கொட்டையும் கொண்டுவந்து வைத்தாள். பாவாயி பலாச்சுளையைச் சப்பித் தின்றாள். கொட்டையை மெல்ல முடியவில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முதல் மாதக் கூலியை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் கீழே நடந்து, குழந்தைவேலு வைத்தியரிடம் எட்டுப் பல் கட்டிக்கொண்டு இரண்டு நாள் மேலே நடந்தாள். "பிடுங்குறதுக்கு ஆறு மணிக் கூலி. கட்டுறதுக்கு அறுபது" என்றார் அவர், முகம் மாறாமல்.

அடுத்த வருடம் தராசு ஒவ்வொரு வாரமும் "வருந்துகிறோம்" என்றது. ஒன்பது மாதம் இடைவிடாமல் வருந்தியது. ஒவ்வொரு முறை அது வருந்தும்போதும் புருஷனும் பெண்டாட்டியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ இருநூறு கிராம். அது எத்தனை மணி நேரக் கூலி என்று பாவாயி பழக்கதோஷத்தில் ஒரு நிமிடம் நினைத்துவிட்டு, தன் வாயில் தானே போட்டுக்கொண்டாள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கிராமசபைக்கு அலை நிறுவனத்தின் விண்ணப்பம் வந்தது. நிறுவனத்து ஆள் நேரில் வரவில்லை. எழுபது வளைவு யார் ஏறுவது? ஒரு பறப்பி வந்து வேப்பமரத்துக் கிளையில் உட்கார்ந்து அவர் குரலில் பேசியது. மலையில் இலவசமாக அலைக்கூடம் கட்டித் தருகிறோம், இருநூறு ஏற்புடல்கள் தருகிறோம், எந்த வேலைக்கும் எந்த ஊரிலிருந்தும் நொடியில் ஆள் வரும் என்றது.

பாவாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக எழுந்தாள்.

"வேணாங்க. கண்டவனும் வந்துருவான்."

பின்வரிசையில் அர்த்தனாரி பக்கென்று சிரித்துவிட்டான். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அவன் கடைவாயில் பல்லில்லாதவர் மாதிரி வாயை மென்று காட்டினான். அவ்வளவுதான். தீர்த்தகிரியின் குரல் பாவாயியின் காதில் ஒலித்தது. சொன்ன வார்த்தை தன் வார்த்தை இல்லை என்று அவளுக்கு உறைத்தது. முகம் சுருங்கிப் போயிற்று.

"என்ன தாயி, பாதியில நிறுத்திட்ட?" என்றாள் வெள்ளையம்மா.

"தப்பாச் சொல்லிட்டனுங்கக்கா." பாவாயி குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள். "நானே கண்டவதான். உடம்போட வந்தேன், அதனால ஒங்க தண்ணியக் குடிச்சேன், ஒங்க பலாவத் தின்னேன், இங்கயே பெத்தேன். அந்த சாம்பல் உடம்புக்குத் தாகம் எடுக்குமா? கொழாய் ஒடஞ்சா அதுக்கு என்ன வந்துச்சு? சாயங்காலம் போயிருமே! அதனால கூடம் வேணாங்க. பஸ் விடலாம். வர்றவங்க வரட்டும், எத்தன பேரு வேணா வரட்டும். உடம்போட வரட்டும்."

"பஸ் விட்டா இன்னும் பத்துக் கொழாய்க்காரன் வருவான். உங் கூலி எறங்கிரும்" என்றார் ஒருவர்.

"எறங்கட்டும். எனக்கும் முதுகு வலிக்குது."

"பஸ் யாரு வாங்குறது?"

பாவாயி அர்த்தனாரியைப் பார்த்தாள். அர்த்தனாரிக்குப் புரிந்துவிட்டது. செலவழிக்காமல் அப்படியே கிடந்த இருபத்துநான்காயிரம் மணி நேரம். இப்போது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அடியே, பன்னெண்டு வருசம்டி அது" என்றான் மெதுவாக.

"போறதுக்குன்னு சேத்ததுதான மாமா. யாராச்சும் போகட்டும்."

வேப்பமரத்துப் பறப்பி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று.

கோழியை இறக்கிவிட்டு, துருவைச் சுரண்டி, மின்கலம் பூட்டி, அந்தக் கடைசி பஸ்ஸையே வாங்கினார்கள். தானாக ஓடும் வண்டிதான். ஆனால் டிக்கெட் கொடுக்கவும், ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுக்கவும், வாந்தி எடுப்பவர்களின் தலையைப் பிடிக்கவும் ஒரு மனிதர் வேண்டும். அர்த்தனாரி கண்டக்டரானான்.

முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். கடைசியாக, இரண்டு ஊன்றுகோல்களில் தொங்கிக்கொண்டு ஓர் ஒல்லிக்குச்சி மனிதர் பஸ் நிலையத்துக்குள் நுழைந்தார். பூமியின் இழுப்பு அவரை நிற்கவிடவில்லை. பஸ் ஏறாமல் சுற்றுமுற்றும் எதையோ தேடினார்.

"என்னங்க தேடுறீங்க?" என்றான் அர்த்தனாரி.

"தராசு எங்கப்பா? கிராமுக்கு எவ்வளவு?"

அர்த்தனாரி அவர் முகத்தைப் பார்த்தான். "தீர்த்தகிரி அண்ணா! இங்க தராசெல்லாம் இல்லீங்ணா. ஆளுக்கு ஒரே டிக்கெட்டு. ஏறுங்க."

பெரியவர் படியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதார். செவ்வாயில் கூலி விழுந்த பிறகு, எங்காவது கூலி மிச்சம் இருக்கிறதா என்று அவர் தேடியிருக்கிறார். இரண்டு உலகத்திலும் சேர்த்து ஒரே ஓரிடம்தான் அகப்பட்டது. அது அவர் சின்ன வயதில் தினமும் பார்த்துத் திட்டிய மலை. அங்கே அலை போகாது, உடம்புதான் போக வேண்டும். இருந்த காசையெல்லாம் எடைக்கட்டணமாகக் கட்டி, ஒன்பது மாதம் கலத்தில் கிடந்து, தன்னைக் கிராம் கிராமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

எழுபது வளைவிலும் அவர் வாந்தி எடுத்தார். செம்மேட்டில் இறங்கியபோது பாவாயி எதிரே நின்றாள். இந்த முறை அவளுக்குச் சொந்த முகம் இருந்தது. ஆனாலும் தீர்த்தகிரிக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அன்னிக்குக் கேட்டியே தாயி, நானும் கண்டவளான்னு. பதில் சொல்லாமப் போயிட்டேன்." அவர் மூச்சு வாங்கினார். "இன்னிக்கு நானே கண்டவனா வந்து நிக்கிறேன். வேலை குடுப்பியா?"

"மொதல்ல சாப்பிடுங்ணா. கால் பழக மூணு மாசம் ஆகும். அதுக்கப்புறம் வேலையப் பத்திப் பேசலாம்" என்று அவரை மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனாள். மற்றவர்களுக்குச் சாமைச் சோறும் வறுத்த பலாக்கொட்டையும் போட்டாள். அவருக்கு மட்டும் கேட்காமலே ரசஞ்சோறு கரைத்துக் கொடுத்தாள். அவர் பதினாறு வருடத்துக்குப் பிறகு நல்ல மிளகு ரசம் குடித்தார். இன்னும் கொஞ்சம் என்று கேட்டார்.

மூன்று மாதத்தில் தீர்த்தகிரி வேலைக்கும் சேர்ந்துவிட்டார். செவ்வாயில் காற்று ஒழுகாமல் பூட்டிய கைக்கு மலைத் தண்ணீரைப் பூட்டுவது விளையாட்டு மாதிரி இருந்தது. மணிக்கு இருபத்தைந்தாக இருந்த கூலி இருபத்திரண்டாயிற்று. யாரும் செத்துப் போகவில்லை. அவர் மலையில் வேலை பார்க்கும் செய்தியும், குழாயடிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கும் படமும் சேந்தமங்கலத்துக்குப் போய்ச்சேர்ந்தது. ஊர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தது.

அடுத்த திங்கட்கிழமை, குழந்தைவேலு வைத்தியர் வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். மலைக்குப் போய் நல்ல வேலை கிடைத்தவர்கள் இரண்டே பேர்தான். இரண்டு பேருக்குமே போகும்போது கடைவாய்ப் பல் கிடையாதாம். வேறென்ன ஆதாரம் வேண்டும்?

சேதி கேட்டதும் பாவாயி கொதித்துப் போனாள். அன்றைக்கே அர்த்தனாரி பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒரு பலகை தொங்கவிட்டான்: "கடைவாய்ப் பல் இல்லாதவர்களை ஏற்ற மாட்டோம்." படியில் நின்று ஒவ்வொருவரையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் எலுமிச்சம்பழமே கொடுத்தான். பலகை போட்ட மறுநாள் அந்த நாற்பது பேரும் திரும்ப அதே வாசலில் வரிசையில் நின்றார்கள், பல் கட்டிக்கொள்ள. பிடுங்கியதற்கு ஆறு மணிக் கூலி, கட்டுவதற்கு அறுபது.

கூலி எங்கெங்கோ ஏறி எங்கெங்கோ இறங்கிய இத்தனை வருடத்தில், குழந்தைவேலு வைத்தியர் மட்டும் சேந்தமங்கலத்தை விட்டு எங்கேயும் போனதில்லை. அவருக்குப் போக வேண்டிய தேவையே வரவில்லை.